நீலக் காலர்

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. தையல் மாஸ்டருக்கு எச்சில் விழுங்கவும் நேரமில்லை.

கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு தையல் மிஷின், வெட்டுமேசை, இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள். அந்தப் பக்கம் குடும்பம். மேலே தகரக் கூரை. காலை பத்து மணிக்கே கூரை கொதித்துவிடும். மின்விசிறி அந்தச் சூட்டை அள்ளி அள்ளி முகத்தில் எறியும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பது மாஸ்டர் வீடுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மாஸ்டர் வீட்டுத் தையல் விடுவதற்கு முன்னால் துணி கிழிந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை மாஸ்டர் தம் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவர்களை மறுத்ததும் இல்லை.

எட்டாம் வகுப்பு வரை வெள்ளைக் காலர். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீலக் காலர். நீலக் காலர் வந்துவிட்டால் வகுப்பு மாடிக்குப் போய்விடும். பிள்ளைகளின் நடையே மாறிவிடும். மாஸ்டருக்கு அளவெடுக்கும்போதே தெரியும், இது நீலத்துக்கு நிற்கிற நிற்பு என்று.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தின் முதல் சீருடைத் துணியில் முதல் வெட்டு வீட்டுப் பிள்ளைக்கு. அதற்குப் பிறகுதான் ஊருக்கு. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அது தவறியதில்லை. இந்த வருஷமும் தவறவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே துணிக்கட்டைப் பிரித்து, மகளுக்கு ஒரு சட்டை வெட்டி, நீலக் காலர் வைத்துத் தைத்து, கடை வாசலுக்கு நேராக இருக்கும் கொக்கியில் மாதிரிக்காக மாட்டிவிட்டார். தேர்வு முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. கணக்கில் போய்விட்டது. மறுபடியும் எட்டாவது.

அன்றைக்கே சட்டையை இறக்கியிருக்கலாம். இறக்கப் போனார் என்பதும் உண்மை. கொக்கியில் கை வைத்த நேரத்தில் ஒரு அம்மாள் துணியோடு உள்ளே வந்தாள். "என்ன மாஸ்டர், பொண்ணு ஒன்பதாவது போறாளா? நீலம் நல்லா எடுத்திருக்கு" என்றாள். "பின்னே?" என்று மாஸ்டர் சொன்னார். அந்த ஒரு சொல்தான். கை கொக்கியிலிருந்து இறங்கிவிட்டது. சட்டை அங்கேயே தங்கிவிட்டது.

பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணை எவன் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கப் போகிறான் என்று மாஸ்டர் நினைத்தார். விடுமுறை நடுவில் ஒரு நாள் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போய், மகளை ஒன்பதாவதுக்கு ஏற்றிவிட முடியுமா என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"ஒரு புள்ளைக்கு ஏத்திவிட்டா நாளைக்கு நாப்பது அப்பன் வந்து இந்த வாசல்ல நிப்பான் மாஸ்டர். என்னைத் தொல்லையில மாட்டாதீங்க."

"சரி, விடுங்க. விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்று குமாஸ்தா ஒரு மாதிரியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் மாஸ்டருக்கு அன்று விளங்கவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடம் திறக்கும் திங்கட்கிழமையைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. நினைக்க விடாத அளவுக்கு வேலை இருந்தது. ஏதாவது நடக்கும், எப்படியாவது சரியாகும் என்று விட்டுவிட்டார். மகளும் கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். திரைக்கு உள்ளே அம்மாவோடு உட்கார்ந்து பட்டன் தைத்தாள். ஊர்ப் பிள்ளைகளின் சட்டைகளுக்கெல்லாம் அவள்தான் பட்டன்.

"மாஸ்டர், ரெண்டு விரல் விட்டே தைங்க. இவன் மழைக்கு மொளச்ச காளான் மாதிரி வளர்றான்" என்றாள் ஒருத்தி, மகனை முன்னால் தள்ளி.

"ரெண்டு விரல் விட்டா இவன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்காது. சட்டை இவனைப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு விரல் போதும். டேய், மூச்சை இழுத்துப் பிடிக்காதே. சாதாரணமா நில்லு."

திரை விலகியது. மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

போனார். மனைவி குரலைத் தணித்தாள். "அவ போக மாட்டேங்கிறா."

"எங்க?"

"வேற எங்க, விருந்துக்கா? பள்ளிக்கூடத்துக்குத்தான்."

மகள் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலைந்து சட்டை. தலையை நிமிர்த்தவில்லை.

"என்னம்மா இது?"

"போகல."

"காரணம்?"

"போகல."

"பத்து மார்க் கம்மியானதுக்கு உலகம் இடிஞ்சா போச்சு? இந்த வருஷம் வாங்கிட்டுப் போ. நானும் கணக்குல அப்படி இப்படித்தான் இருந்தேன். இப்ப என் கணக்கு தப்புதா? ஒரு சாண் துணி வீணாகுதா?"

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தச் சட்டைய இறக்குங்க."

"அது வேற விஷயம்."

"அதே விஷயம்தான்."

வெளியே யாரோ "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். மாஸ்டர் வெளியே வந்தார். வந்தவருக்கு அளவெடுத்தார். எடுத்த அளவைக் குறிக்க மறந்து மறுபடியும் எடுத்தார். அந்தத் தொழிலில் அவருக்கு அப்படி நடந்ததே இல்லை.

சனிக்கிழமை அவருடைய அக்காள் வந்தாள். மாஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவள். தோள்பையைக் கீழே வைக்கும் முன்பே விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனைவி சொல்லியிருப்பாள். வெட்டுமேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? காமாலைன்னு சொல்லுடா. ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும். எவன் வந்து கண்ணு மஞ்சளா இருக்கான்னு பார்க்கப் போறான்?"

திரைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. "அத்தை, காமாலை ஒரு வருஷம் இருந்தா ஆளு இருக்க மாட்டாங்க."

"வாயப் பாரு. இந்த வாய் கணக்குல இருந்திருக்கக் கூடாதா?" அக்காள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "இல்லன்னா ஒண்ணு பண்ணு. மிஷின்ல உக்கார வை. பொம்பளப்புள்ள. கைத்தொழில் இருந்தா போதாதா?"

மாஸ்டர் கத்தரியை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் சுண்ணாம்புக் கட்டி உருண்டு விழுந்தது. "எட்டாவதுல தோத்துட்டு மிஷின்ல உக்காந்தான்னு பேர் வரணுமா? இந்த வீட்ல படிக்க முடியாதவங்க தைக்க வரல அக்கா. தைக்கத் தெரிஞ்சவங்கதான் தைச்சாங்க. அவ படிக்கணும்."

"படிக்கவும் வேணும், தோக்கவும் கூடாது, தோத்தது தெரியவும் கூடாது. ஏண்டா தம்பி, இதுல எதை வெட்டுவே, எதை ஒட்டுப் போடுவே?"

மாஸ்டர் மிஷினை மிதித்தார். அடியில் நூல் தீர்ந்துபோனது தெரியாமலே ஒரு முழுச் சட்டைக்கையை ஓட்டிவிட்டார். தையல் ஒன்றும் விழவில்லை. அக்காள் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அவள் சும்மா இருந்ததுதான் மாஸ்டருக்கு அதிகமாக எரிந்தது.

ஆனால் அந்த வார்த்தை வேலை செய்தது. ஒட்டுப் போடுவது. அன்று சாயங்காலம் முழுக்க மாஸ்டர் ஒரு துண்டு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு என்னவோ செய்தார். ஊசியைப் பற்களுக்கு நடுவே கடித்துக்கொண்டு, யார் வந்தாலும் துணியை மேசைக்கடியில் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு நேரம் என்பதால் கடையில் கூட்டமில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் மட்டும் கிழிந்த காக்கிச் சட்டையோடு வந்து நின்றான். மாஸ்டர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, கோலை எடுத்துக் கொக்கியிலிருந்து நீலக் காலர் சட்டையை இறக்கினார். இரண்டு மாதத்தில் முதல் தடவை. தோளில் தூசி படிந்திருந்தது. தட்டினார். திரைக்கு உள்ளே போனார்.

மகளும் மனைவியும் அக்காளும் சோற்றுத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் சட்டையை விரித்துக் காட்டினார். தன் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் காலரை எடுத்தார். காலர் மட்டும், சட்டை இல்லாமல்.

"இங்க பாரு. உள்பக்கம் அஞ்சு டிச் பட்டன். நீலத்துக்கு மேல இதை வச்சு, இப்படி அழுத்தினா..." டிக், டிக், டிக். நீலக் காலர் மறைந்து வெள்ளைக் காலர் ஆனது. "ரெண்டு நொடி. தெருவுல நீலத்தோட போற. பள்ளிக்கூடத்துக்குள்ள நுழையும்போது வெள்ளை. திரும்பும்போது கழட்டிப் பையில போட்டுக்க. ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இந்த மாதிரி வேலை இந்த வட்டாரத்துல எவனும் செஞ்சிருக்க மாட்டான்."

சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. உண்மையில் வேலை அவ்வளவு சுத்தம். மடிப்பு தெரியவில்லை. அக்காள்கூட ஒரு நொடி வாயைத் திறந்து பார்த்தாள்.

மகள் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, "குடுங்க" என்று சட்டையை வாங்கிக்கொண்டு சமையல் மூலையின் தடுப்புக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் ஏறி நின்றது. தோள் இழுத்தது. மார்புப் பட்டன் சேரவில்லை. கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை காலர் வேணும்னாலும் மாட்டுங்கப்பா. சட்டையே சேரல."

மாஸ்டர் பார்த்தார். ஊரில் எந்தப் பிள்ளை எத்தனை விரல் வளர்ந்திருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். போன வருஷத்து அளவை வைத்து இந்தச் சட்டையை வெட்டியிருந்தார். வீட்டுப் பிள்ளைதானே, தெரியாதா என்று.

"வேற தைச்சுடறேன். இன்னைக்கே."

"நீலமா?"

"பின்னே..."

"யாருக்காகப்பா?"

"தெரு பார்க்கும்ல?"

"தெருவுக்குத் தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். பட்டியல் ஒட்டின அன்னைக்கே. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சொல்லாம இருப்பாங்களா? அவங்களுக்குத் தெரியும்கிறது உங்களுக்கு மட்டும்தான் தெரியல."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்தாள். அவர் திரையை வேகமாக விலக்கினார். வேன்காரன் தன் காக்கிச் சட்டையின் கிழிசலில் விரலை விட்டு, அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, எம்பொண்ணு என்ன வகுப்பு?"

"அண்ணே, சட்டைப் பை கிழிஞ்சுடுச்சு, அதான் தைக்கலாம்னு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

வேன்காரன் கிழிசலிலிருந்து விரலை எடுத்தான். "எட்டுண்ணே."

"எப்பத் தெரியும்?"

"அது... ரிசல்ட் வந்தப்பவே. வேன்ல புள்ளைங்க பேசிக்கிச்சு. நாங்க யாரும் எதுவும் தப்பாப் பேசலண்ணே. மாஸ்டர் மனசு கஷ்டப்படும், கேக்காதீங்கன்னுதான் வீட்லயும் சொல்லி வச்சேன்."

அதுதான் குத்தியது. தோற்றதுகூட அப்படிக் குத்தவில்லை. இரண்டு மாதமாக ஊரே அவருக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அளவு கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கொக்கியைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, பாவம், விடு என்று போயிருக்கிறார்கள். யாரிடமும் ஒரு நாளும் தலை குனியாத வீடு. குமாஸ்தாவின் சிரிப்பு இப்போது விளங்கியது.

திரும்பி உள்ளே வந்தார். "உனக்கும் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"தெரியும்."

"சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டீங்களா? கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான். நீங்க ரெண்டு மாசம் ஓட்டிட்டீங்க. நடுவுல நான் எங்க வந்து நிக்கிறது?"

"எல்லாருக்கும் தெரியும்னா அப்புறம் என்ன?" மாஸ்டர் மகள் மேல் பாய்ந்தார். "ஒளிக்க ஒண்ணுமில்லையே. போக வேண்டியதுதானே? எதுக்குப் பிடிவாதம்?"

மகளின் முகம் சிவந்தது. இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தது வந்தது.

"எங்க கிளாஸ்ல ஆறு பேர் ஃபெயில்பா. மத்த அஞ்சு பேரையும் பார்த்து யாரும் சிரிக்கல. சைக்கிள் கடைக்காரர் பொண்ணும் ஃபெயில்தான். அவ அப்பா கடையில உக்காந்துக்கிட்டே, எம்பொண்ணு ஃபெயிலாப் போச்சுன்னு சொல்றாரு, எல்லாரும் போனாப் போகுதுன்னுட்டுப் போறாங்க. என்னைப் பார்த்தா மட்டும் காலரைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறாங்க. கடைக்கு நூல் வாங்கப் போனா காட்டுறாங்க. குழாயடியில காட்டுறாங்க. நான் தோத்ததுக்கு இல்லப்பா. நீங்க மாட்டினதுக்கு. நாளைக்கு வெள்ளைக் காலரோட நான் உள்ள போனா, உங்களைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. நான் எப்படிப் போவேன்?"

 அக்காள் எழுந்து தன் தட்டைக் கழுவப் போனாள். போகிற போக்கில், "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவன்" என்று மட்டும் சொல்லி, மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

 மன்னிப்புக் கேட்பது அந்த வீட்டில் பழக்கமில்லாத வேலை. மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார்.

"வா, வெளிய. வெளிச்சத்துல நில்லு."

முன்னறையில், வாசலுக்கு நேராக நிறுத்தினார். வேன்காரன் எழுந்து போகப் பார்த்தான். "உக்காருய்யா, உன் பையும் தைக்கணும்" என்று அதட்டினார். தோள், மார்பு, கை நீளம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் குறித்தார். அதற்குள் சாப்பாடு முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். மாஸ்டர் அவர்கள் முன்னாலேயே துணியை விரித்தார். வெள்ளைத் துணியை இழுத்துக் காலருக்கு வெட்டினார். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று மாஸ்டருக்கு இருந்தது. கேட்காத வாய்தான் இப்போது அவரைக் கடித்தது.

"ஒரு விரல் விடட்டுமா?" என்றார் மகளிடம், தலை நிமிராமல்.

"விடுங்க. அடுத்த வருஷமும் இதே வகுப்புன்னா உதவும்."

"அடி வாங்குவே" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நாலு மணிக்குச் சட்டை முடிந்தது. மகள் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. "அப்ப நாளைக்குப் போறேதானே?" என்றார் மாஸ்டர்.

"நீங்க வந்தா போறேன்."

"நானா? நாளைக்கா? நாளைக் காலையில பட்டன் அறுந்தது, ஜிப் போனதுன்னு ஊரே இங்க வந்து நிக்கும்."

"நிக்கட்டும். வாசல்ல விட்டுட்டு ஓடக் கூடாது. உள்ள வந்து, வகுப்பு டீச்சர்கிட்ட நீங்களே சொல்லணும்."

"என்னன்னு?"

"என்ன வகுப்புன்னு."

 மறுநாள் காலையில் மாஸ்டர் கடைக்கதவைப் பூட்டியதைத் தெருவே நின்று பார்த்தது. அவர் அப்பா செத்த நாளைத் தவிர, பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அந்தக் கதவு பூட்டியிருந்ததில்லை. சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிப் போட்டிருந்தார். விறைப்பாக முன்னால் நடந்தார். மகள் ரெண்டடி பின்னால் வந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் நுழைந்ததும் அவருக்குக் கண்ணைக் கட்டியது. எங்கே பார்த்தாலும் அவர் தைத்த சட்டைகள். இவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், இவளுக்குக் கை நீளம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. சட்டைகள் எல்லாம் ஓடின, தள்ளின, கத்தின. இரண்டு மாதத்துச் சத்தத்தையும் சேர்த்து வைத்திருந்து ஒரே நாளில் கொட்டுவதுபோல இருந்தது. தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு, புதிதாக வந்த ஒரு டீச்சர் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே நீளமான வரிசை.

முறை வந்தது. "எந்த வகுப்பு?" என்றாள் டீச்சர், நிமிராமல்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எட்டு."

"கேக்கலீங்க."

"எட்டு" என்றார்.

பக்கத்தில் யாரோ மணியை அடித்துப் பார்த்தார்கள். டீச்சர் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. ஆறா, எட்டா?"

மாஸ்டருக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. டீச்சர் மேலா, மணி மேலா, ஊர் மேலா, தன் மேலேதானா. "எட்டாவதும்மா! மறுபடியும் எட்டாவது! என் பொண்ணு!" என்று கத்திவிட்டார். மணி அதற்குள் நின்றுபோயிருந்தது. தாழ்வாரம் முழுக்கத் திரும்பியது. மாடிப்படியில் நின்ற நீலக் காலர்களும் எட்டிப் பார்த்தன.

"போதும்பா" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கடைக்குப் போங்க." பையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் தோளுக்கு வராத பிள்ளைகளுக்கு நடுவே வகுப்புக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழுதாளா, சிரித்தாளா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள் என்பது தெரிந்தது.

திரும்பி நடந்தார். வெயில் ஏறிவிட்டது. கஞ்சி போட்ட காலர் கழுத்தை அறுத்தது. கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. தெருமுனையில் பழவண்டிக்காரன் அவரை நிறுத்தினான்.

"என்னங்க மாஸ்டர், காலங்காத்தால கடை பூட்டியிருக்கு?"

"பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடப் போனேன்."

"அப்படியா? என்ன படிக்குதுங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதய்யா!" என்று சீறிவிட்டு மாஸ்டர் நடந்தார்.

நாலு தப்படி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் அந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. ஊரிலேயே தெரியாத ஆள் அவன் ஒருவன்தான். அவனிடம் ஒன்பது என்று சொன்னால் நம்புவான். பத்து என்று சொன்னாலும் நம்புவான்.

மாஸ்டர் நின்றார். கடை வாசலில் நின்றவர்கள் "மாஸ்டர், சீக்கிரம் வாங்க" என்று கைகாட்டினார்கள். அவர் திரும்பி வண்டிக்கு வந்தார்.

"எட்டாவது" என்றார். "ரெண்டாந்தடவை."

"சரிங்க" என்றான் பழவண்டிக்காரன், என்ன சொல்வதென்று தெரியாமல்.